அழுகைக்கும் கோபத்துக்கும் வழிவிட்ட டாக்டர் கோர்ச்சாக்

போலந்தின் தலைநகர் வார்சாவில், ஆசிரியர் பயிற்சி பெறும் மாணவர்கள் ஒரு நாள் எக்ஸ்ரே அறைக்கு வரவழைக்கப்பட்டார்கள். விரிவுரைக்கு வந்தவர்களை இருட்டறையில் நிற்க வைத்தது அவர்களுக்குப் புதிராக இருந்தது. சற்று நேரத்தில் விரிவுரையாளர் ஒரு சின்னப் பையனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். சட்டையைக் கழற்றி எக்ஸ்ரே திரைக்குப் பின்னால் நிறுத்தினார். இருட்டு, பெரிய இயந்திரம், சுற்றிலும் தெரியாத முகங்கள். பையன் வாய் திறக்கவில்லை. ஆனால் திரையில் அவனுடைய இதயம் படபடவென்று அடித்துக்கொண்டது எல்லாருக்கும் தெரிந்தது.

ஒரு பிள்ளையின் மீது கோபம் வந்து கையை ஓங்கத் தோன்றும்போதெல்லாம், பயந்த குழந்தையின் இதயம் எப்படி இருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, அன்றைய பாடம் அவ்வளவுதான் என்று அவர் முடித்துக்கொண்டார்.

அந்த விரிவுரையாளர் டாக்டர் யானுஷ் கோர்ச்சாக். குழந்தை மருத்துவர், எழுத்தாளர், 30 ஆண்டுகள் அனாதைப் பிள்ளைகளுக்குத் தந்தையாக வாழ்ந்தவர். பிள்ளைகளின் கோபம், பயம், துக்கம் ஆகியவற்றை அதட்டி அடக்காமல், அவை வெளியே வர வழி அமைத்துத் தர வேண்டும் என்பதைத் தம் இல்லத்தில் நாள்தோறும் செய்து காட்டியவர். அழுதால் பூச்சாண்டி வருவான் என்று சொல்லியும், சுவரில் ரோத்தானைத் தொங்கவிட்டும் பிள்ளைகளை வளர்த்துப் பழகிய நமக்கு இவருடைய வாழ்க்கையில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

தனிமையில் வளர்ந்த பிள்ளை

இவருடைய இயற்பெயர் ஹென்றிக் கோல்ட்ஷ்மிட். வார்சா நகரத்தில் வசதியான யூதக் குடும்பத்தில் ஒரு ஜூலை 22ஆம் நாள் பிறந்தார். தந்தை உரிய காலத்தில் பிறப்பைப் பதியாததால், ஆண்டு 1878 என்றும் 1879 என்றும் இரு விதமாகக் குறிக்கப்படுகிறது. தந்தை வழக்கறிஞர். வீட்டில் எதற்கும் குறைவில்லை, ஆனால் தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட அனுமதியும் இல்லை.

ஐந்து வயதில் அவர் ஆசையாக வளர்த்த கேனரிப் பறவை இறந்துபோனது. அதைப் புதைத்து மேலே ஒரு சிலுவை நட வேண்டும் என்று நினைத்தார். காவலாளியின் மகன் குறுக்கே வந்து, நீ யூதன், உன் பறவையும் யூதப் பறவை, அதற்குச் சிலுவை கூடாது என்றான். பறவை போன துக்கம் ஒரு பக்கம், தான் வேறு யாரோ என்று அன்றுதான் தெரிந்துகொண்ட அதிர்ச்சி மறு பக்கம். அறுபது வயதைத் தாண்டிய பிறகும் அந்த நாளை அவர் தம் நாட்குறிப்பில் எழுதினார்.

அவர் பதின்ம வயதில் இருந்தபோது தந்தைக்கு மனநோய் வந்தது. மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்து குடும்பச் சொத்து கரைந்தது. 1896இல் தந்தை காலமானார். பள்ளி மாணவனாக இருக்கும்போதே மற்றப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுத்துக் குடும்பத்துக்குக் கைகொடுத்தார் ஹென்றிக். தந்தையின் நோய் தமக்கும் வந்துவிடுமோ என்ற அச்சம் அவரை நெடுநாள் விடவில்லை. திருமணம் வேண்டாம், சொந்தப் பிள்ளை வேண்டாம் என்று முடிவு செய்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

1898இல் ஓர் இலக்கியப் போட்டிக்கு நாடகம் அனுப்பியபோது, பழைய நாவல் ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்ட புனைபெயர்தான் யானுஷ் கோர்ச்சாக். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வார்சா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, குழந்தைகள் மருத்துவமனையில் சில ஆண்டுகள் பணியாற்றினார். நோயைக் குணப்படுத்தி அனுப்பினாலும் பிள்ளை அதே வறுமைக்கும் அதே அடிக்கும்தானே திரும்பிப் போகிறது என்ற கேள்வி அவரை உறுத்தியது.

இரவில் கேட்ட அழுகை

1912இல் வார்சாவின் க்ரோஹ்மால்னா தெருவில், 92ஆம் எண் கட்டடத்தில் யூத அனாதைப் பிள்ளைகளுக்கான இல்லம் திறக்கப்பட்டது. மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு அதன் இயக்குநராகச் சேர்ந்தார் கோர்ச்சாக். ஸ்டெஃபானியா வில்ச்சின்ஸ்கா என்ற அம்மையார் அவருக்கு வலக்கரமாக இருந்து இல்லத்தை நடத்தினார். முதல் உலகப் போரில் கோர்ச்சாக் இராணுவ மருத்துவராக அழைக்கப்பட்ட ஆண்டுகளில், இல்லத்தைக் கட்டிக் காத்தவர் அந்த அம்மையார்தான்.

சுமார் நூறு பிள்ளைகள். பெற்றோரை இழந்தவர்கள், தெருவில் திரிந்தவர்கள், பசி தெரிந்தவர்கள், அடி தெரிந்தவர்கள். ஒருவரோடு ஒருவர் சண்டை, திட்டு, திருட்டு, பொய் எல்லாம் இருந்தன. அன்பு காட்டினால் போதும், எல்லாரும் திருந்திவிடுவார்கள் என்று கோர்ச்சாக் நம்பிக்கொண்டு இருக்கவில்லை. ஒரு மருத்துவர் நோயாளியைக் கவனிப்பதுபோல் பிள்ளைகளைக் கவனித்தார். வாரம்தோறும் எடை பார்த்துக் குறித்துக்கொண்டார். இரவில் அவர்கள் தூங்கும் கூடத்திலிருந்து வரும் மூச்சையும் முனகலையும் கூட உற்றுக் கேட்டார்.

ஓர் இரவு, எட்டு வயதுப் பையன் ஒருவன் பல் வலி தாங்காமல் எழுந்தான். டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினான். பல் வலியைப் பற்றி அல்ல. அம்மா இறந்தது, அதற்குப் பிறகு தன்னை அழைத்துச் சென்ற பாட்டியும் இறந்தது என்று ஒவ்வொன்றாக வந்தது. பகலில் எத்தனை கேட்டாலும் சொல்லாத பிள்ளை, வலியின் வழியாக மனத்திலிருந்ததை இறக்கி வைத்தான். இதைத் தம் நூலில் பதிவு செய்த கோர்ச்சாக், அழும் பிள்ளையிடம் காரணத்தைக் கேட்டு நச்சரிப்பதைவிட, அது பேசும் நேரத்தில் பக்கத்தில் இருப்பதே முக்கியம் என்பதைப் புரிந்துகொண்டிருந்தார்.

தபால் பெட்டியும் பந்தயமும்

ஆனால் நூறு பிள்ளைகளுக்குப் பக்கத்தில் எந்த நேரமும் ஒருவர் இருக்க முடியுமா? அதனால் அவர் சில ஏற்பாடுகளைச் செய்தார். எல்லாமே எளியவை.

முதலாவது, தபால் பெட்டி. ஒரு பிள்ளைக்குக் கேள்வியோ குறையோ கோரிக்கையோ இருந்தால் எழுதிப் பெட்டியில் போடலாம். பெரியவர்கள் வேலையாக இருக்கும்போது ஓடி வந்து கையைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை. மாலையில் டாக்டர் எடுத்துப் படித்துப் பதில் சொல்வார். எழுத உட்காரும்போதே பிள்ளை யோசிக்கிறது. எது பெரிய விஷயம், எது அற்ப விஷயம் என்று பிரித்துப் பார்க்கிறது. பதிலுக்குக் காத்திருக்கப் பழகுகிறது என்று அதன் பயனை விளக்கினார்.

இரண்டாவது, அறிவிப்புப் பலகையில் தொங்கிய ஒரு பட்டியல். யாருக்கு நன்றி சொல்ல வேண்டும், யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் அதில் எழுதலாம். நேரில் போய் மன்னிப்புக் கேட்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு அது பெரிய உதவி. மற்றவர் முன்னால் நிற்க வைத்து, சொல்லு சொல்லு என்று வாயிலிருந்து மன்னிப்பைப் பிடுங்குவதை அவர் விரும்பவில்லை.

மூன்றாவது, பந்தயம். கோபக்காரப் பிள்ளைகளுக்காகவே ஏற்பட்டது போன்றது இது. சண்டை போடும் பழக்கத்தைக் குறைக்க நினைக்கும் பையன் வாரத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் வந்து பந்தயம் கட்டலாம். இனிமேல் சண்டையே போட மாட்டேன் என்று ஒரு பிள்ளை வீராப்பாகச் சொன்னால் அவர் ஏற்க மாட்டார். முடிகிற எண்ணிக்கையாகச் சொல் என்பார். இந்த வாரம் இத்தனை சண்டைக்கு மேல் இல்லை, அடுத்த வாரம் அதில் ஒன்று குறைவு என்று படிப்படியாகப் போகும். வென்றால் மிட்டாய். வென்றானா இல்லையா என்று யாரும் துப்புத் துலக்கவில்லை. பிள்ளை தானே எண்ணி வந்து சொல்வதை அவர் அப்படியே நம்பினார். தன் கோபத்தைத் தானே எண்ணிப் பார்க்கிற பிள்ளை, கோபம் வருகிற நேரத்தையும் கண்டுகொள்ளத் தொடங்குகிறது.

இவற்றோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஓர் இழுப்பறை கொடுக்கப்பட்டது. பெரியவர்கள் குப்பை என்று வீசி எறியக்கூடிய கூழாங்கல், உடைந்த பொத்தான், கயிற்றுத் துண்டு எல்லாம் அதில் பத்திரமாக இருக்கும். ஒரு பிள்ளையின் சின்னப் பொருளை மதிக்காதவர், அது தொலைந்தபோது வரும் பெரிய அழுகையை எப்படிப் புரிந்துகொள்வார் என்பது அவர் எண்ணம்.

டாக்டரே கூண்டில் நின்றார்

இல்லத்தின் பேர்பெற்ற ஏற்பாடு, பிள்ளைகளின் நீதிமன்றம். அடித்தவனைத் திருப்பி அடிப்பதற்குப் பதிலாக அவன் மீது வழக்குப் போடலாம். அந்த வாரம் தங்கள் மீது வழக்கு எதுவும் இல்லாத பிள்ளைகளிலிருந்து ஐந்து பேர் சீட்டுக் குலுக்கி நீதிபதிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்.

சட்டப் பிரிவுகளை எழுதியவர் கோர்ச்சாக். 1 முதல் 99 வரையிலான பிரிவுகள் எல்லாம் விடுதலையும் மன்னிப்பும்தான். தெரியாமல் செய்தான், கோபத்தில் செய்தான், வருந்துகிறான் என்று விதவிதமான மன்னிப்பு. 100ஆம் பிரிவுக்குப் பிறகுதான் கண்டிப்பு வரும். கடைசியான 1000ஆம் பிரிவு இல்லத்திலிருந்து விலக்குவது. பெரும்பாலான வழக்குகள் மன்னிப்பில் முடிந்தன. வாதியும் பிரதிவாதியும் நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடும்.

அந்த நீதிமன்றத்தில் பெரியவர்களுக்கும் விலக்கு இல்லை. ஒரு பையனின் காதில் அடித்ததற்காகவும், ஒரு சிறுமி திருடியிருப்பாள் என்று சந்தேகப்பட்டதற்காகவும், நீதிபதியாக இருந்த பிள்ளையை அவமதித்ததற்காகவும் கோர்ச்சாக்கே தம் மீது வழக்குப் போட்டுக்கொண்டார். ஆறு மாதத்தில் ஐந்து முறை. அவ்வளவு பொறுமைசாலிக்கும் கோபம் வந்தது, கை நீண்டது. பெரியவருக்கும் அது நடக்கும், நடந்தால் பொறுப்பேற்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள்.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. சில பிள்ளைகள் நீதிமன்றத்தைக் கேலி செய்தார்கள், அற்பக் காரணங்களுக்கு வழக்குப் போட்டார்கள். அவர் சில வாரம் அதை நிறுத்தி வைத்து, திருத்தங்களோடு மறுபடி தொடங்கினார்.

நாடெங்கும் கேட்ட குரல்

போர்க்களத்தில் கிடைத்த ஓய்வு நேரங்களில் அவர் எழுதத் தொடங்கிய நூல், குழந்தையை எப்படி நேசிப்பது என்பதைப் பற்றியது. 1920களின் தொடக்கத்தில் வந்த மாட்டியுஷ் மன்னன் கதை, சின்ன வயதில் அரியணை ஏறிய ஒரு பையனைப் பற்றியது. போலந்துப் பிள்ளைகள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

1926இல் ஒரு நாளிதழின் வாராந்திர இணைப்பாகப் பிள்ளைகளே எழுதும் பத்திரிகையைத் தொடங்கினார். நாட்டின் பல ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் கடிதம் எழுதினார்கள். வீட்டில் நடந்த சண்டை, பள்ளியில் பட்ட அவமானம், தம்பி பிறந்ததால் வந்த பொறாமை என்று எதையும் எழுதலாம். 1939இல் இரண்டாம் உலகப் போர் மூளும் வரை அந்தப் பத்திரிகை வந்தது. 1930களின் நடுவில் வானொலியிலும் பேசினார். யூதர் என்பதால் அவருடைய பெயரைச் சொல்லவில்லை. கிழட்டு டாக்டர் என்ற பெயரில்தான் நிகழ்ச்சி ஒலிபரப்பானது. ஆனாலும் பெரியவரும் சிறியவரும் வானொலி முன்னால் காத்திருந்தார்கள்.

மதிலுக்குள் ஒரு நாடகம்

1939 செப்டம்பரில் ஜெர்மானியப் படை போலந்துக்குள் நுழைந்தது. அடுத்த ஆண்டு வார்சாவின் யூதர்கள் அனைவரும் மதில் சூழ்ந்த கெட்டோவுக்குள் அடைக்கப்பட்டார்கள். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரு சிறு பகுதிக்குள் நெருக்கப்பட்டனர். இல்லமும் உள்ளே மாற்றப்பட்டது. மாறும்போது பிள்ளைகளுக்கான உருளைக்கிழங்கு வண்டியைக் காவலர்கள் பறித்துக்கொண்டார்கள். அதைத் திருப்பிக் கேட்கப் போன கோர்ச்சாக் சிறையில் அடைக்கப்பட்டார்.

வெளியே வந்தபோது உடல் தளர்ந்திருந்தது. இல்லத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கை சுமார் இருநூறாகிவிட்டது. தினமும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கதவு கதவாகச் சென்று உணவு கேட்டார். தெருவோரங்களில் பட்டினியால் இறந்தவர்கள் கிடந்தார்கள். பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்தார்கள். அப்போதும் பாடம் நடந்தது, நீதிமன்றம் நடந்தது, பிள்ளைகள் நாட்குறிப்பு எழுதினார்கள்.

இறந்துபோவோமோ என்று பயப்படும் பிள்ளையிடம் என்ன சொல்வது? அப்படி எதுவும் நடக்காது என்று சொன்னால் பொய். நடக்கும் என்று சொன்னால் கொடுமை. கோர்ச்சாக் ஒரு நாடகத்தைத் தேர்ந்தெடுத்தார். அது இரவீந்திரநாத் தாகூர் எழுதிய தபால் நிலையம் என்ற வங்காள நாடகம். 1927இல் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சென்ற அதே தாகூர்தான்.

நோயால் வெளியே போக முடியாமல் அறைக்குள்ளேயே இருக்கும் அமல் என்ற சிறுவனின் கதை அது. அவன் சன்னல் வழியாகத் தயிர்க்காரரோடும் காவலரோடும் பூப்பறிக்கும் சிறுமியோடும் பேசுகிறான். அரசரிடமிருந்து தனக்குக் கடிதம் வரும் என்று காத்திருக்கிறான். கடைசியில் அமைதியாகக் கண் மூடுகிறான்.

1942ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள், கெட்டோவில் இருந்த இல்லத்தின் கூடத்தில் பிள்ளைகள் அந்த நாடகத்தை நடித்தார்கள். விருந்தினர்களும் வந்து பார்த்தார்கள். ஏன் இந்த நாடகம் என்று கேட்டபோது, மரணத்தை அமைதியாக எதிர்கொள்ளப் பிள்ளைகள் கற்க வேண்டும் என்று அவர் பதில் சொன்னதாகப் பதிவு உள்ளது. வெளியே போக முடியாத அறை, சன்னலுக்கு வெளியே தெரியும் உலகம், வராத கடிதம். மதிலுக்குள் இருந்த பிள்ளைகளுக்கு அமல் யார் என்பதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தங்களுடைய பயத்தை இன்னொரு பிள்ளையின் கதையாக வைத்துப் பேச அவர்களுக்கு ஒரு மேடை கிடைத்தது.

நான்கு நாளில், ஜூலை 22ஆம் நாள், கெட்டோவிலிருந்து மக்களை ரயிலேற்றி அனுப்புவது தொடங்கியது. அது கோர்ச்சாக்கின் பிறந்த நாள். அவரை மட்டும் தப்பிக்க வைக்க நண்பர்கள் பல முறை முயன்றார்கள். மதிலுக்கு வெளியே ஒளிந்துகொள்ள இடமும் அடையாளத் தாளும் தயாராக இருந்தன. அவர் மறுத்துவிட்டார். ஆகஸ்டு முதல் வாரத்தில் இல்லத்துக்கு உத்தரவு வந்தது. சுமார் இருநூறு பிள்ளைகளும் வரிசையாக ரயில் நிற்கும் இடத்துக்கு நடந்தார்கள். கோர்ச்சாக்கும், பாலஸ்தீனத்தில் பத்திரமாக இருந்தும் 1939இல் பிள்ளைகளுக்காகத் திரும்பி வந்த ஸ்டெஃபானியாவும், மற்ற ஊழியர்களும் கூடவே போனார்கள். ட்ரெப்ளிங்கா கொலை முகாமிலிருந்து ஒருவரும் திரும்பவில்லை.

கடைசி மாதங்களில் அவர் எழுதிய நாட்குறிப்பு கெட்டோவுக்கு வெளியே கொண்டு செல்லப்பட்டு, ஒரு சுவருக்குள் வைத்துப் பூசி மறைக்கப்பட்டது. போருக்குப் பிறகு அது நூலாக வந்தது.

நமக்கு விட்டுச் சென்றது

குழந்தைகளின் உரிமைக்கு உலக அளவில் ஓர் ஒப்பந்தம் வேண்டும் என்று 1978இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்மொழிந்தது போலந்து நாடு. 1989 நவம்பர் 20ஆம் நாள் அது நிறைவேறியது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்தைச் சொல்லவும் அது மதிக்கப்படவும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 12ஆம் பிரிவு. மலேசியாவும் சிங்கப்பூரும் 1995இல் அதில் இணைந்தன.

சட்டம் நாட்டுக்கு. வீட்டுக்குத் தேவையானவை அதைவிடச் சிறியவை. பழைய பிஸ்கட் டின் ஒன்று தபால் பெட்டியாகும். எழுதத் தெரியாத பாலர் பள்ளிப் பிள்ளை கோபத்தைப் படமாக வரைந்து அதில் போடலாம். அண்ணன் தம்பி சண்டையில் யார் முதலில் அடித்தது என்று விசாரித்து இருவருக்கும் ஆளுக்கு ஓர் அடி கொடுப்பதற்கு முன்னால், ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் கேட்க வேண்டும் என்று ஒரு விதி வைக்கலாம். இந்த வாரம் எத்தனை முறை கத்தினோம் என்று அம்மாவும் அப்பாவும் தங்கள் கணக்கையும் சேர்த்து எழுதலாம். வீட்டில் ஒரு சாவு விழுந்தால், தாத்தா வெளியூர் போயிருக்கிறார் என்று மழுப்பாமல், பிள்ளை தாங்கும் அளவுக்கு உண்மையைச் சொல்லி, அது அழும்போது மடியில் வைத்துக்கொள்ளலாம்.

ட்ரெப்ளிங்காவில் இன்று 17,000 கற்கள் நடப்பட்டிருக்கின்றன. அழிக்கப்பட்ட ஊர்களின் பெயர்கள் அவற்றில் பலவற்றில் செதுக்கப்பட்டுள்ளன. தனி மனிதர் ஒருவரின் பெயரைத் தாங்கிய கல் ஒன்றே ஒன்றுதான். யானுஷ் கோர்ச்சாக் என்ற பெயரும், அதனுடன் பிள்ளைகளும் என்ற சொல்லும் அதில் உள்ளன.